திருகாணி மூடினால் மூடியதுதான்

அந்த வீட்டில் எந்த டப்பாவைத் திறக்க வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிட்டாக வேண்டும். சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில், இருமல் மருந்து, சாவி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, எதுவானாலும் அவள் மூடினால் மூடியதுதான். புருஷன் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு முறுக்கிப் பார்ப்பான். மகள் துணியைச் சுற்றி முறுக்கிப் பார்ப்பாள். கடைசியில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு அவளைத் தேடி வருவார்கள். அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஒரே திருகு திருகுவாள். ‘ஹுஸ்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு மூடி கழன்று வரும். அந்தச் சத்தத்தில் அவளுக்கு அப்படியொரு பெருமை. காற்றுகூடப் புகாமல் மூடியிருக்கிறோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

“டீக்குச் சக்கர போடணும்னாக்கூட உன்கிட்ட மனு குடுக்க வேண்டியிருக்கு” என்பான் புருஷன்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்த்தாள். அரைகுறையாக மூடிய பெயிண்ட் டப்பா மறுநாள் காலையில் ஆடை கட்டி நிற்கும். முதல் மாதம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் மூடிய டப்பாவைத் திறக்க முதலாளியே உளி தேட வேண்டியதாயிற்று. கூட வேலை பார்த்த பெண்கள் வைத்த பெயர்தான் திருகாணி. அந்தக் கடைக்குச் சரக்கு இறக்க வந்த பிக்கப் வண்டி டிரைவரின் காதில் அந்தப் பெயர் விழுந்தது. பெயரோடு அவளும் தன் வலையில் விழுந்தாள் என்று அவன் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறான். விழுந்தது அவன்தான் என்பது அவள் கட்சி. புருஷன் பெண்டாட்டி வழக்கில் நமக்கென்ன வேலை?

அந்த பிக்கப் வண்டி இன்னும் இருக்கிறது. கிலோமீட்டர் காட்டும் எண்கள் ஒரு தடவை முழுசாகச் சுற்றி முடித்து, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியும் வெகுநாள் ஆகிறது. டீசல் முள் எப்போதோ படுத்துவிட்டது. எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்க்க டேங்குக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பான் புருஷன். டேங்கின் மூடி தொலைந்துபோனதால் தன் பழைய பனியன் ஒன்றைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தான். வண்டி என்னவோ குறை சொல்லாமல் ஓடியது. மெத்தைக் கம்பெனியிலிருந்து மெத்தைகளை ஏற்றிக்கொண்டு கடைகடையாகப் போய் இறக்குவதுதான் அதன் வேலை. ஊருக்குள் அதற்கு மெத்தை வண்டி என்றே பெயர்.

சென்ற மழைக்காலத்தில் புருஷன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து வாலிபன் என்ற நினைப்பில் குதித்தான். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர், “கொஞ்ச மாசத்துக்கு கிளட்ச் பக்கமே காலக் கொண்டு போகக்கூடாது” என்று சொல்லிவிட்டார். வண்டியை என்ன செய்வது என்று வீடே யோசித்துக்கொண்டிருந்தபோது திருகாணி அலமாரியிலிருந்து தன் லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். என்றோ ஆசைக்கு எடுத்த லைசென்ஸ். அதற்கு இப்படியொரு நாள் வரும் என்று அவளைத் தவிர யாரும் நினைத்திருக்கவில்லை.

அவள் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான், இத்தனை வருஷம் தனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதே அவளுக்குத் தெரிந்தது. உயரமான சீட். சுவருக்கு அந்தப்பக்கம் யார் வீட்டில் என்ன துணி காய்கிறது என்று தெரியும் அளவுக்கு உயரம். கியர் போடும்போது கையில் ஏறும் அந்த நடுக்கம். பாட்டுப் பெட்டி கிடையாது. அவளே பாடிக்கொள்வாள், இன்ஜின் சத்தத்தில் சுருதி விலகினால் யாருக்குத் தெரியப்போகிறது? கடைக்காரர்கள் முதல் வாரம் ஆச்சரியமாகப் பார்த்தார்கள், இரண்டாவது வாரம் “என்னக்கா லேட்டு?” என்று கேட்டார்கள். அந்த லேட்டு அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் மாதிரி இனித்தது.

ஓட்ட ஆரம்பிக்கும் முன் வண்டியைக் குளிப்பாட்டினாள். அப்போதுதான் டேங்கில் செருகியிருந்த பனியன் கண்ணில் பட்டது.

“என்னங்க இது, பல்வலிக்காரன் வாயில பஞ்சு வச்ச மாதிரி? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“அது பாட்டுக்கு இருக்கு. அதப் போய் ஏன் நோண்டுற?” என்றான் புருஷன்.

அவள் கேட்பாளா? அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு புது மூடி வாங்கினாள். எந்த வண்டிக்குச் செய்ததோ, கடைக்காரருக்கே தெரியவில்லை. ஆனால் தடித்த ரப்பர் வளையத்தோடு இந்த டேங்குக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பனியனைத் துவைத்து சீட்டுக்கு அடியில் போட்டாள். புது மூடியைத் தன் வழக்கப்படி மூடினாள். எப்படி மூடியிருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வண்டி நிற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். கம்பெனியில் லோடு ஏற்றி, கடைத்தெருவைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது மூச்சு முட்டுகிறவன் மாதிரி இரண்டு தடவை குலுங்கும். அவ்வளவுதான், நின்றுவிடும். பத்து நிமிஷம் போல ஓய்வெடுத்துக்கொண்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். அந்தப் பத்து நிமிஷமும் பாலத்தில் போகிறவர் வருகிறவரெல்லாம் அவளுக்கு யோசனை சொல்வார்கள்.

“மெத்தைய வச்சிக்கிட்டு ஏம்மா நிக்கிற? ஒண்ண விரிச்சுப் படுக்க வேண்டியதுதான?” என்று ஒருவர் சைக்கிளை மிதித்தபடியே சொல்லிவிட்டுப் போனார்.

“நீங்க வாங்க, விரிக்கிறேன். விலையும் சொல்றேன்” என்றாள் அவள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவருக்கு மூக்கு என்று பெயர். வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் பானெட்டைத் திறக்கமாட்டார். முதல் வேலையாக டேங்கைத் திறந்து மோந்து பார்ப்பார். தண்ணீர் கலந்த டீசல், மண்ணெண்ணெய் கலந்த டீசல், பழைய டீசல், எல்லாம் அவர் மூக்குக்குத் தெரியும். அது முடிந்தால்தான் மற்றது.

அவரால் அந்த மூடியைத் திறக்க முடியவில்லை. “தங்கச்சி, நீயே தொற” என்றார். அவள் ஒரே திருகில் திறந்தாள். ‘ஹுஸ்’ என்றது. பக்கத்துப் பட்டறையில் ஒருவர் கார் கதவைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் மூக்குக்கு எதுவும் கேட்கவில்லை. திருகாணிக்குக் கேட்டது. நன்றாக மூடியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

“டீசல் சுத்தம்” என்றார் மூக்கு. மூடியை அவளிடமிருந்து வாங்கிப் பட்டறை மேஜைமேல் வைத்துவிட்டு இன்ஜினைப் போடச் சொன்னார். புகையைப் பார்த்தார். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. “லேசா நீலம் இருக்கு. அது வயசானதால வர்ற புகை, விடு” என்றார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜின்மேல் ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு பாலம்வரைக்கும் போய், இறங்கி, மறுபடி ஏறித் திரும்பினார். நல்ல பிள்ளையாக வந்து நின்றது வண்டி.

“இதுக்கு ஒண்ணும் இல்லையே.”

“உங்ககிட்ட வந்தா மட்டும் ஒண்ணும் இல்லண்ணே. நான் வாசலத் தாண்டினா ஆரம்பிச்சிடுது.”

எதற்கும் இருக்கட்டும் என்று ஃபில்டரை மாற்றினார். அடுத்த முறை டீசல் இழுக்கும் பம்பை மாற்றினார். அதற்கடுத்த முறை டீசல் வரும் ஹோஸ் குழாய்களையெல்லாம் மாற்றிவிட்டு, அவற்றின் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழை எப்படிப் பிசைந்து டீசலை ஏற்றுவது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் டேங்கைத் திறக்கச் சொல்லி மோந்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி அவர் கையில் குழைந்து குழைந்து ஓடியது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குக் கிளம்பும்போது திருகாணி மூடியை இறுக்கி மூடிக்கொண்டு கிளம்பினாள்.

கொழுந்தன் ஒரு நாள் வந்தான். புருஷனின் தம்பி, கறுப்புக் கண்ணாடியை வெயில் இல்லாத இடத்திலும் கழற்றாதவன். மனசு தங்கம், வாய்தான் கொஞ்சம் நீளம். “நான் ஒரு ரவுண்டு பாக்கிறேன் அண்ணி” என்று சாவியை வாங்கினான். அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி அவளை மூடியைத் திறக்கச் சொல்லி, குச்சி விட்டு டீசல் பார்த்து, மூடியைச் சும்மா ஒரு அரைத் திருகு திருகி வைத்துவிட்டுப் போனான். ஊரையே சுற்றிவிட்டு வந்தான். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

“வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணி. நீங்க கிளட்ச்லயே கால வச்சிருப்பீங்க. லேடீஸ் எல்லாம் அப்படித்தான்.”

ராத்திரி சாப்பிடும்போது புருஷனும் சொன்னான்: “வண்டிக்கு உன் கை ஒத்துக்கலையோ என்னவோ.”

அதற்குப் பிறகு ஓட்டும்போதெல்லாம் அவள் தன் இடது காலைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள். கிளட்சில் காலை வைக்கிறோமா? வைக்கவில்லை. வைக்காமலே வைக்கிறோமோ? பாட்டு நின்றுபோயிற்று.

மெத்தைக் கம்பெனி முதலாளி நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் ஒரு பொறுமை இருந்தது. புதிதாகத் திறக்கப்போகும் நர்சுகள் விடுதிக்கு மெத்தைகள் போக வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குள் இறக்கிவிட வேண்டும். சாயந்திரம் பெண்கள் வந்து தங்கப்போகிறார்கள்.

“தப்பா நினைக்காதம்மா. இந்த லோடு மட்டும் நீ கொண்டு போ. வழியில நின்னுச்சுன்னா, திங்கக்கிழமையிலேர்ந்து உன் கொழுந்தன ஓட்டச் சொல்லிடு. வண்டி உங்களுதுதான், வாடகை உங்களுக்குத்தான். ஓட்டுறது மட்டும் அவன் ஓட்டட்டும்.”

அந்த ‘மட்டும்’தான் அவளுக்கு எல்லாமுமாக இருந்தது. அவருக்கு அது எப்படித் தெரியும்?

சனிக்கிழமை காலை மெத்தைகளை அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கிளம்பினாள். பின்னாலிருந்து பார்த்தால் வண்டியே தெரியாது, ஒரு மெத்தைக் குவியல் தானாக நகர்ந்து போவதுபோல் இருக்கும். கடைத்தெருவை மெதுவாகக் கடந்தாள். இடது காலைக் கிளட்சிலிருந்து ஒரு முழம் தள்ளியே வைத்துக்கொண்டாள். பாலம் வந்தது. குலுங்கியது. இன்னொரு தடவை குலுங்கியது. நின்றது.

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். தலையைத் தூக்கி, இறங்கி, பானெட்டைத் திறந்தாள். மூக்கு சொல்லிக்கொடுத்தபடி ரப்பர் குமிழைப் பிசைந்தாள். குமிழ் உள்ளே அமுங்கியது. அமுங்கியது அமுங்கியபடியே இருந்தது, திரும்ப எழவில்லை. பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி ஒட்டிக்கொண்டது.

நாக்கு வறண்டது. சீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மகள் வேண்டாமென்று ஒதுக்கிய மெல்லிசு பிளாஸ்டிக் பாட்டில். மூடியில் உறிஞ்சுவதற்கு ஒரு சின்னக் குழாய் இருக்கும். மூடியை யார் மூடியது என்று தெரியுமே. வெயிலில், கோபத்தில், வாயை எடுக்காமல் உறிஞ்சினாள். பாட்டிலின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கின. தண்ணீர் வருவது குறைந்தது, பிறகு சுத்தமாக நின்றது. பாட்டிலில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. “சனியன், நீயுமா?” என்று வாயை எடுத்தாள். ‘களுக்’ என்று காற்று உள்ளே போயிற்று. பாட்டில் படக்கென்று விரிந்துகொண்டது.

திருகாணி பாட்டிலைப் பார்த்தாள். ஒட்டிப்போன ரப்பர் குமிழைப் பார்த்தாள். மறுபடி பாட்டிலை வாயில் வைத்து, தாகத்துக்காக இல்லாமல், உறிஞ்சினாள். ஒடுங்கியது. எடுத்தாள். விரிந்தது. பாலத்தின் ஓரமாக நடந்து போன ஒரு பெரியவர், நடு ரோட்டில் பாட்டிலை ஊதி விளையாடும் இவளைப் பார்த்து, பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

டீசல் வெளியே போகப் போக, அது இருந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். பனியன் இருந்த காலத்தில் பனியன் வழியாக வந்தது. கொழுந்தன் அரைத் திருகு திருகியபோது அந்தச் சந்து வழியாக வந்தது. மூக்கோ மோந்து பார்த்துவிட்டு மூடியே போடாமல் ஓட்டினார். அவள் ஒருத்திதான் காற்றுகூடப் புகாமல் மூடினாள். நின்ற பத்து நிமிஷத்தில் எங்கோ ஒரு இணைப்பு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து போனதால்தான் வண்டி மறுபடி கிளம்பியது.

டேங்குப் பக்கம் ஓடினாள். மூடியில் கை வைத்தாள். ஒரே திருகு.

‘ஹுஸ்’ இல்லை. ‘ஹூ...ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக, பெரிதாக, எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த பெருமூச்சு மாதிரி வந்தது. உள்ளே ஒடுங்கியிருந்த டேங்கின் தகரம் ‘டொப்’பென்று தன் இடத்துக்கு வந்தது. ஓடிப்போய் முன்பக்கம் பார்த்தாள். ரப்பர் குமிழ் கொழுகொழுவென்று எழுந்து உட்கார்ந்திருந்தது.

முதலில் வெட்கம் வந்தது. இத்தனை நாளும் இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெருமைப்பட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் அது கால் இல்லை. கிளட்ச் இல்லை. ஓட்டத் தெரியாததில்லை. அவளுக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும், மூடத்தான் தெரியவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து பனியனை எடுத்தாள். நன்றாகத் துவைத்து மடித்து வைத்திருந்த அந்தப் பனியனைச் சுருட்டி, பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று, டேங்கின் வாயில் செருகினாள்.

குமிழை நாலு பிசை பிசைந்தாள். சாவியைத் திருப்பினாள். பாலத்தை ஏறி, இறங்கி, விடுதி வாசல் வரைக்கும் வண்டி ஒரு குலுக்கல் குலுங்கவில்லை. பாலத்தின் மறுபக்கத்திலேயே அவள் பாட ஆரம்பித்துவிட்டாள்.

வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். “நிக்காம வந்துட்டியாம்மா?” என்றார்.

பொய் சொல்ல ஒரு நொடி நாக்கு துறுதுறுத்தது. “நின்னுச்சு முதலாளி. பாலத்துல நின்னுச்சு. ஆனா ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன். இனிமே நிக்காது.” சொல்லிவிட்டு நடந்ததையும் சொன்னாள். அவர் வண்டியைச் சுற்றி வந்து பனியனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மெத்தைகளைப் பார்த்தார், எல்லாம் நேரத்துக்கு வந்திருந்தன.

“திங்கக்கிழமை காலையில சீக்கிரம் வந்துடு. ரெண்டு கடைக்கு லோடு இருக்கு” என்றார்.

திரும்பும் வழியில் மூக்கின் பட்டறையில் நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்ட மூக்கு சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறைக்காரர் சுத்தியலை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“மோந்து பாக்கிறேன் மோந்து பாக்கிறேன்னு நோயத் தொறந்து விட்டுட்டு, அப்புறம் நோய் எங்கன்னு நான்தான் தேடியிருக்கேன். நல்ல வைத்தியன் போ.” மெல்லிய டிரில்லை எடுத்து மூடியின் நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டார். “இப்ப நீ எவ்வளவு வேணாலும் இறுக்கிக்க, தங்கச்சி. அது மூச்சு விட்டுக்கும்.”

வீட்டில் புருஷன் காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

“அப்போ வண்டிய நிறுத்தினது நீதான்” என்றான்.

“நான்தான்.”

“நான் அந்தப் பனியனத் தொடாதன்னு சொன்னனா இல்லையா?”

“சொன்னீங்க. ஆனா கை ஒத்துக்கலன்னும் சொன்னீங்களே.”

அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். “அது தப்பு” என்றான். “என் வாயத்தான் மூடியிருக்கணும். உன்கிட்ட குடுத்திருந்தா நல்லா இறுக்கமா மூடியிருப்ப.” இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவனுக்கு முழங்கால் வலித்தது, அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் கொழுந்தன் வந்து நின்றான். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. சனிக்கிழமை மெத்தை வண்டி பாலத்தில் நின்றதை யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் நடந்ததை யாரும் சொல்லவில்லை.

“கவலப்படாதீங்கண்ணே, இனிமே நான் பாத்துக்கிறேன். சாவி எங்க?”

திருகாணி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டினான்.

“அதுலதான் இருக்கு. தொறந்து எடுத்துக்க.”

கொழுந்தன் திருகினான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திருகினான். டப்பாவை அக்குளில் இடுக்கினான், துணியைச் சுற்றினான், முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான். முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதை மறந்து கதவோரமாக நின்று வேடிக்கை பார்த்தாள்.

“எடுக்க முடிஞ்சா வண்டி உனக்குத்தான்டா” என்றான் புருஷன்.

கடைசியில் கொழுந்தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அந்த வீட்டில் எல்லாரும் போகிற வழியில் போனான். “அண்ணி, இதக் கொஞ்சம்...”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரே திருகு. ‘ஹுஸ்.’ சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். மூடியை மறுபடி மூடி, டப்பாவைக் கொழுந்தன் கையிலேயே கொடுத்தாள்.

“டீ போட்டு வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க. எனக்கு லோடு இருக்கு.”

வாசலில் வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயிற்று. அவள் பாட்டுச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. கொழுந்தன் டீக்குச் சர்க்கரை போடலாம் என்று சர்க்கரை டப்பாவை எடுத்தான்.